பிஎச்பி தளத்துக்குச் செஷனா, டோக்கனா, கையொப்பமா?

பிஎச்பியில் தளம் நடத்துபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. "லாகினுக்குச் செஷன் வைத்திருக்கிறேன். இப்போது ஆண்ட்ராய்டு ஆப் ஒன்று வருகிறது. கூரியர்காரர்கள் ஆர்டர் விவரத்தை ஏபிஐ (நிரலும் நிரலும் பேசிக்கொள்ளும் வழி) வழியாகக் கேட்கிறார்கள். பேமென்ட் கேட்வேயும் ஏதோ அனுப்புகிறது. எல்லாவற்றையும் ஜேடபிள்யூடி என்ற டோக்கன் முறைக்கு மாற்றிவிடலாமா?"

கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கோளாறும் இருக்கும். பயனர் தானாக லாக் அவுட் ஆகிறார். காரணம் தெரியாமல் 401 என்ற மறுப்பு வருகிறது. ஏபிஐயைச் சோதிக்கும் போஸ்ட்மேன் கருவியில் ஓடுவது பிரவுசரில் ஓடமாட்டேன் என்கிறது. அந்த எரிச்சலில் மொத்த அமைப்பையும் மாற்றிவிட்டால், பழைய கோளாறு அப்படியே இருக்க, புதிதாக நான்கு வந்து சேரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தளம் முழுவதற்கும் ஒரே முறை என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மறுமுனையில் இருப்பது யார் என்று பார்த்து, ஒவ்வொரு முனைக்கும் அதற்கேற்ற முறையை வைப்பதுதான் பராமரிக்கச் சுலபம். கீழே எடுத்துக்காட்டு வேண்டிய இடங்களில் ஒரு சிறிய இணையக் கடையை வைத்துக்கொள்கிறேன்: பிரவுசரில் வரும் வாடிக்கையாளர், கடையின் சொந்த ஆப், கூரியரின் சர்வர், பேமென்ட் கேட்வே என்று அதற்கு நான்கு முனைகள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் அளவுகோல், மறுமுனை. பிரவுசரா, நீங்களே எழுதிய ஆப்பா, இன்னொருவரின் சர்வரா? பிரவுசருக்குக் குக்கியை (தளம் கொடுத்து வைக்கும் சிறு குறிப்பை) பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியும். ஆப்புக்கு ரகசியங்களைப் பூட்டி வைக்க ஆண்ட்ராய்டின் கீஸ்டோர் போன்ற வசதிகள் இருக்கின்றன. சர்வருக்கு ரகசியச் சாவி ஒன்றைக் கொடுத்து வைக்கலாம். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது.

இரண்டாவது, ரத்து. ஒரு பயனரின் போன் தொலைந்துவிட்டது, அல்லது ஒரு ஊழியர் வேலையை விட்டுப் போகிறார். இந்த நிமிடமே அவர் அணுகலை வெட்ட முடியுமா? எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். தளம் சரியாக ஓடும் நாளில் இதன் அருமை தெரியாது.

மூன்றாவது, செஷனோ டோக்கனோ சாவியோ திருடுபோனால் எவ்வளவு சேதம், எவ்வளவு நேரத்துக்கு.

நான்காவது, உங்கள் சர்வர் சூழல். பகிர்வு ஹோஸ்டிங்கா, ஒரு விபிஎஸ்ஸா (மெய்நிகர் தனிச் சர்வரா), கோரிக்கைகளைப் பங்கிடும் லோடு பேலன்சருக்குப் பின்னால் இரண்டு மூன்று சர்வர்களா?

கடைசியாக, உடைந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும். ஒருவரே எழுதி ஒருவரே பராமரிக்கும் தளங்களில் இது பெரிய செலவு.

வேகத்தை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. "செஷன் என்றால் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸைத் தொட வேண்டும், ஜேடபிள்யூடி என்றால் வேண்டாம்" என்ற வாதம் நிறையக் கேட்கும். இண்டெக்ஸ் உள்ள பத்தியில் ஒரே ஒரு வரிசையைத் தேடுவது, அந்தப் பக்கம் செய்யும் மற்ற வேலைகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. மிகப் பெரிய தளங்களுக்கு வேண்டுமானால் அந்தக் கணக்கு மாறலாம்.

## செஷன் குக்கி

கோயில் வாசலில் செருப்பை விட்டால் கொடுக்கும் டோக்கன் மாதிரிதான் செஷன். டோக்கனில் வெறும் எண் மட்டும் இருக்கும்; பொருள் கடைக்காரரிடம் இருக்கும். பிரவுசர் வைத்திருப்பது ஒரு சீரற்ற அடையாளம் மட்டுமே. பயனர் யார், அவருக்கு என்ன உரிமை என்பதெல்லாம் சர்வரில் இருக்கும். அதனால் ரத்து செய்வது சுலபம்: சர்வரில் உள்ள பதிவை அழித்தால் அந்தக் கணமே கதை முடிந்தது.

பாதுகாப்பான அமைப்புக்கு வேண்டிய எல்லாம் பிஎச்பியிலேயே இருக்கின்றன, ஆனால் சில இயல்பாக அணைந்திருக்கும். குக்கியை ஜாவாஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி செய்யும் எச்டிடிபி-ஒன்லி, எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் அனுப்பும் செக்யூர், சர்வர் உருவாக்காத அடையாளத்தை ஏற்காத ஸ்ட்ரிக்ட் மோட் ஆகிய மூன்றையும் நீங்கள்தான் இயக்க வேண்டும். வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கி போகலாமா என்று தீர்மானிக்கும் சேம்சைட் அமைப்பு பிஎச்பி 7.3-லிருந்து நேரடியாகக் கிடைக்கிறது. லாகின் ஆனவுடன் செஷன் அடையாளத்தைப் புதுப்பிப்பதும் அவசியம். இல்லையென்றால், தாக்குபவர் தனக்குத் தெரிந்த ஓர் அடையாளத்தைப் பயனரின் பிரவுசரில் முன்கூட்டியே வைத்துவிட்டு, அவர் லாகின் செய்யும்வரை காத்திருந்து உள்ளே வரலாம்.

இனி மறைந்திருக்கும் செலவுகள்.

"பயனர் அரை மணி நேரத்தில் வெளியேறிவிடுகிறார்" என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டியது, பழைய செஷன் கோப்பை எப்போது குப்பையாக அள்ளலாம் என்று சொல்லும் ஜிசி மேக்ஸ்லைஃப்டைம் அமைப்பு. இதன் இயல்பு மதிப்பு 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். பலர் குக்கியின் ஆயுளை ஒரு வாரமாக்கிவிட்டு இதை அப்படியே விட்டுவிடுவார்கள். குக்கி இருக்கும், சர்வரில் கோப்பு இருக்காது. பகிர்வு ஹோஸ்டிங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல தளங்கள் ஒரே கோப்புறையில் செஷனைச் சேமித்தால், அவற்றில் குறைந்த ஆயுள் வைத்திருக்கும் தளம் குப்பை அள்ளும்போது உங்கள் கோப்பையும் சேர்த்தே அள்ளிவிடும். உங்கள் தளத்துக்குத் தனிக் கோப்புறை வைப்பதே தீர்வு. டெபியன், உபுண்டு சர்வர்களில் இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே பிஎச்பி தானாகக் குப்பை அள்ளாது. சிஸ்டமே அரை மணிக்கொரு முறை ஒரு ஸ்கிரிப்டை ஓட்டி அள்ளும். அது பிஎச்பியின் ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பை மட்டுமே பார்க்கும். உங்கள் நிரலுக்குள் ஆயுளை மாற்றியிருந்தால் அதற்குத் தெரியாது. தனிக் கோப்புறைக்கு மாற்றிவிட்டால் அங்கே அள்ள ஆளே இருக்காது, கோப்புகள் குவிந்துகொண்டே போகும்.

அடுத்தது பூட்டு. ஒரு பக்கம் செஷனைத் திறந்தால் அந்தக் கோப்பு பூட்டப்படும். நிரல் முடியும்வரை அதே பயனரின் அடுத்த கோரிக்கை காத்திருக்க வேண்டும். டாஷ்போர்டில் ஐந்து அஜாக்ஸ் (பக்கத்தைப் புதுப்பிக்காமலே பின்னணியில் போகும்) கோரிக்கைகள் ஒரே நேரத்தில் போனாலும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் பதில் வரும். ஏபிஐ மெதுவாக இருக்கிறது என்று டேட்டாபேஸைக் குடைவதற்கு முன் இதைப் பாருங்கள். செஷனில் படிக்க வேண்டியதைப் படித்தவுடன் எழுதி மூடிவிட்டால் போதும். வெறுமனே படிக்க மட்டும் என்றால், திறக்கும்போதே படித்து மூடும் வசதி பிஎச்பி 7-லிருந்து இருக்கிறது.

இந்தியத் தளங்களில் அதிகம் அலைக்கழிக்கும் கோளாறு, பணம் கட்டித் திரும்பும்போது பயனர் லாக் அவுட் ஆகியிருப்பது. சில கேட்வேக்கள் பணம் கட்டியதும் பயனரின் பிரவுசரை போஸ்ட் முறையில் (ஃபார்மை அனுப்புவது போல) உங்கள் தளத்துக்குத் திருப்பி அனுப்பும். சேம்சைட் லாக்ஸ் என்று இருக்கும் குக்கி, வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட் கோரிக்கையோடு போகாது. குக்கிக்குச் சேம்சைட் எதுவும் குறிப்பிடாவிட்டால் அதை லாக்ஸ் என்றே எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை குரோம் 2020-ல் கொண்டுவந்தது. ஆனால் அப்படிக் குறிப்பிடாத குக்கி பிறந்து 2 நிமிடம் ஆகாமல் இருந்தால் அனுப்பலாம் என்று ஒரு சலுகையும் வைத்தது. அதனால்தான் சோதிக்கும்போது வேகமாகப் பணம் கட்டும் உங்களுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, நிதானமாகக் கட்டும் வாடிக்கையாளருக்கு உடைகிறது.

இதைவிட மோசமான பகுதி அடுத்துதான் நடக்கிறது. குக்கி வராத அந்தப் பக்கத்தில் நீங்கள் செஷனைத் தொடங்கினால், பிஎச்பி புது அடையாளம் ஒன்றை உருவாக்கிப் பழைய குக்கியின் மேலேயே எழுதிவிடும். பயனர் உண்மையிலேயே வெளியேறிவிடுவார். தீர்வு: திரும்பி வரும் பக்கத்தில் செஷனையே தொடாதீர்கள். ஆர்டர் எண்ணையும் கேட்வேயின் கையொப்பத்தையும் சரிபார்த்து, பணம் வந்ததைப் பதிந்து, 303 (வேறு பக்கத்தை கெட் முறையில், அதாவது சாதாரணமாகக் கேள் என்ற பதில்) கொடுத்து நன்றிப் பக்கத்துக்கு அனுப்புங்கள். அந்த கெட் கோரிக்கையோடு பழைய குக்கி வந்துவிடும்.

சர்வர்கள் இரண்டானால் கோப்பு செஷன் போதாது. பாதிக் கோரிக்கைகளில் பயனர் லாகின் ஆனவராகவும் மீதியில் ஆகாதவராகவும் தெரிவார். செஷனை டேட்டாபேஸுக்கோ, நினைவகத்தில் தகவல் வைக்கும் ரெடிஸுக்கோ மாற்ற வேண்டும். ரெடிஸ் எக்ஸ்டென்ஷனில் செஷன் பூட்டு இயல்பாக அணைந்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். வேகமாக இருக்கும், ஆனால் ஒரே நேரத்தில் வரும் இரண்டு கோரிக்கைகளில் ஒன்று எழுதியதை மற்றொன்று அழிக்கலாம்.

பிரவுசர் குக்கியைத் தானாக அனுப்புவதால், வேறு தளம் பயனர் பெயரில் கோரிக்கை அனுப்பவைக்கும் சிஎஸ்ஆர்எஃப் தாக்குதலுக்கும் தனியாகக் காவல் வேண்டும். சேம்சைட் லாக்ஸ் பெரும்பகுதியைத் தடுக்கும். தகவலை மாற்றும் ஒவ்வொரு ஃபார்மிலும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (உங்கள் தளமே தரும் ரகசியக் குறி) வைப்பது அதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய வேலை.

எப்போது இது சரி? மறுமுனையில் பிரவுசர் இருக்கும் எல்லா இடத்திலும். முன்பக்கம் ரியாக்ட், வியூ போன்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளில் எழுதியதாக இருந்தாலும்கூட. "முன்பக்கம் ஒரு சப்டொமைனில், ஏபிஐ இன்னொன்றில், அதனால் குக்கி வேலை செய்யாது" என்று நினைத்து ஜேடபிள்யூடிக்குப் போகிறவர்கள் நிறைய. ஒரே டொமைனின் இரண்டு சப்டொமைன்கள் சேம்சைட் கணக்கில் ஒரே தளம்தான், குக்கி போகும். கார்ஸ் (வேறு முகவரியை அழைக்கப் பிரவுசர் கேட்கும் அனுமதி) அமைப்பை மட்டும் சரியாக வைக்க வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன். முன்பக்கமும் ஏபிஐயும் முற்றிலும் வேறு டொமைன்களில் இருந்தால்தான் உண்மையான சிக்கல். சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுவதும் தடுக்கிறது. அங்கேயும் நான் முதலில் யோசிப்பது ஏபிஐயை ஒரே டொமைனுக்குக் கீழே கொண்டுவர முடியுமா என்பதைத்தான்.

## ஜேடபிள்யூடி

2015 மே மாதம் ஆர்எஃப்சி 7519 ஆக வெளியான தரம் இது. பயனரின் எண், காலாவதி நேரம் போன்ற விவரங்களை ஜேசன் என்ற உரை வடிவமாக்கி, அதன் மேல் சர்வர் கையொப்பமிட்டு, பயனரிடமே கொடுத்துவிடுகிறது. அடுத்த முறை அதைக் கொண்டுவந்தால் கையொப்பம் சரியா என்று பார்த்தாலே போதும், எங்கும் தேட வேண்டாம்.

அதன் பலமும் பலவீனமும் இந்த ஒரே இடத்தில்தான். எங்கும் தேடாததால் ரத்து செய்யவும் இடமில்லை. லாக் அவுட் பொத்தானை அழுத்தினால் பிரவுசர் தன் பிரதியை மறக்கும், அவ்வளவுதான். யாராவது அதை முன்பே நகலெடுத்திருந்தால் காலாவதியாகும்வரை அது செல்லும். இதைச் சமாளிக்க ஆயுளை 15 நிமிடமாக்கி, புதுப்பிக்கும் டோக்கன் ஒன்றைத் தனியாக வைப்பார்கள். புதுப்பிக்கும் டோக்கனை ரத்து செய்ய ஒரு டேபிள் வேண்டும். அந்த 15 நிமிடமும் பொறுக்க முடியாது என்றால் தடைப்பட்டியல் வேண்டும், ஒவ்வொரு கோரிக்கையிலும் அதைப் பார்க்க வேண்டும். இந்த நிலைக்கு வந்தபின் கையில் இருப்பது செஷன்தான், கூடுதல் சிக்கலோடு.

அடுத்த கேள்வி, பிரவுசரில் எங்கே வைப்பது. லோக்கல் ஸ்டோரேஜில் வைத்தால் பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்டும் எடுத்துவிடலாம். எங்கோ ஒரு பெட்டியில் பயனர் எழுதியதைச் சுத்தம் செய்யாமல் காட்டினால் போதும், டோக்கன் போய்விடும். எச்டிடிபி-ஒன்லி குக்கியில் வைத்தால் அந்த அபாயம் குறையும், ஆனால் சிஎஸ்ஆர்எஃப் திரும்பி வரும். குக்கி சுமார் 4 கேபிக்கு மேல் தாங்காது என்பதும் உண்டு. உள்ளே உரிமைப் பட்டியல்களை அடுக்கிக்கொண்டே போனவர்களுக்கு ஒருநாள் லாகினே நின்றுபோகும். உள்ளே இருப்பது மறைக்கப்பட்டதும் இல்லை. பேஸ்64 என்ற எழுத்து மாற்றம்தான், யாரும் பிரித்துப் படிக்கலாம். போன் எண்ணையும் முகவரியையும் அதில் வைக்காதீர்கள்.

சரிபார்க்கும் இடத்தில் உள்ள ஓட்டைகள் பழையவை, இன்றும் ஆளைக் கவிழ்ப்பவை. டோக்கனின் தலைப்பில் எந்த முறையில் கையொப்பமிட்டது என்று எழுதியிருக்கும். 2015-ல் பல லைப்ரரிகள் அதை அப்படியே நம்புவது தெரியவந்தது. "கையொப்பமே இல்லை" என்று எழுதி அனுப்பினாலும் சில ஏற்றுக்கொண்டன. ஆர்எஸ்256 (பொதுச் சாவியால் சரிபார்ப்பது) முறையின் பொதுச் சாவியையே எச்எஸ்256 (ஒரே ரகசியத்தால் கையொப்பமிட்டுச் சரிபார்ப்பது) முறையின் ரகசியமாக வைத்துக் கையொப்பமிட்டு அனுப்பினாலும் ஏற்றன. பிஎச்பியில் பலர் பயன்படுத்தும் ஃபயர்பேஸ் பிஎச்பி-ஜேடபிள்யூடி லைப்ரரி, 6-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு சாவியோடும் அதன் முறையைச் சேர்த்தே தரச் சொல்கிறது. பழைய பதிப்பில் இருந்தால் இன்றே மாற்றுங்கள். இணையத்தில் கிடைக்கும் முப்பது வரி "நானே எழுதிய ஜேடபிள்யூடி" நிரலை எடுத்து ஒட்டவே ஒட்டாதீர்கள்.

எச்எஸ்256-க்கு ரகசியம் குறைந்தது 256 பிட், அதாவது 32 பைட் இருக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 7518 சொல்கிறது. கடையின் பெயரும் ஆண்டும் சேர்த்து வைத்த ரகசியத்தை ஊகித்து ஊகித்து உடைக்கும் ஹாஷ்கேட் போன்ற கருவியில் போட்டு, உங்கள் சர்வரைத் தொடாமலேயே உடைத்துவிட முடியும். உடைத்தவர் எந்தப் பயனராகவும் உள்ளே வரலாம், அட்மினாகவும். செஷன் ஒன்று திருடுபோனால் ஒரு பயனருக்குத்தான் சேதம். இந்த ரகசியம் போனால் எல்லோருக்கும்.

இரண்டு நடைமுறைக் கோளாறுகள். ஒன்று, எல்லாம் சரியாக இருந்தும் 401. அப்பாச்சி சர்வரில் பிஎச்பி சிஜிஐ அல்லது ஃபாஸ்ட்சிஜிஐ வழியாக (தனி நிரலாக) ஓடினால், டோக்கனைச் சுமந்து வரும் ஆத்தரைசேஷன் ஹெடரை அப்பாச்சி பிஎச்பியிடம் கொடுக்காமலே விட்டுவிடும். அப்பாச்சி 2.4.13 பதிப்பிலிருந்து சிஜிஐ-பாஸ்-ஆத் என்ற அமைப்பை எச்டிஆக்ஸஸ் கோப்பில் இயக்கினால் சரியாகும்; பழைய சர்வரில் ரீரைட் விதியால் கடத்த வேண்டும். உங்கள் கணினியில் ஓடியது ஹோஸ்டிங்கில் ஓடவில்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகியுங்கள். மற்றொன்று, "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்ற எர்ரர். டோக்கன் கொடுக்கும் சர்வரின் கடிகாரமும் சரிபார்க்கும் சர்வரின் கடிகாரமும் சில விநாடி விலகியிருக்கும். சர்வர் நேரத்தை என்டிபி (இணையம் வழியாகக் கடிகாரத்தை ஒத்திசைப்பது) கொண்டு சரிசெய்து, லைப்ரரியில் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ சலுகை கொடுத்தால் தீரும்.

எப்போது இது சரி? டோக்கனைக் கொடுப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர், இருவரும் ஒரே டேட்டாபேஸைப் பார்க்க முடியாது என்ற நிலையில். கூகுள் கணக்கில் லாகின் செய்யும்போது வரும் ஐடி டோக்கன் ஜேடபிள்யூடியாக இருப்பது அதனால்தான். உங்கள் பணிகள் ஐந்தாறு தனிச் சர்வர்களாகப் பிரிந்திருந்தாலும் பொருந்தும்.

### ஆப்புக்கு ஓர் இடைவழி

சொந்த ஆப்புக்குக் குக்கி தொந்தரவு, ஆனால் ஜேடபிள்யூடியும் தேவையில்லை. 32 சீரற்ற பைட்டுகளை டோக்கனாகக் கொடுங்கள். அதன் எஸ்எச்ஏ-256 ஹாஷை (மூலத்தைத் திரும்பப் பெற முடியாத சுருக்கத்தை) மட்டும் டேட்டாபேஸில், பயனர் எண், கருவியின் பெயர், கடைசியாகப் பயன்படுத்திய நேரம் ஆகியவற்றோடு வையுங்கள். போன் தொலைந்தால் அந்த வரிசையை அழித்தால் போதும். "எந்தெந்தக் கருவிகளில் லாகின் ஆகியிருக்கிறீர்கள்" என்ற பக்கமும் இலவசமாகக் கிடைக்கும். லாரவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கின் சாங்டம் தொகுப்பு ஆப்புகளுக்கு இந்த முறையைத்தான் தருகிறது. பிரவுசர் முன்பக்கத்துக்கு அதே சாங்டம் செஷன் குக்கியைப் பயன்படுத்தச் சொல்கிறது. இரண்டையும் பிரித்து வைத்த அந்த முடிவு எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

## ஏபிஐ கீ

நீங்கள் கொடுத்து வைக்கும் ஒரு ரகசியச் சாவி இது; இன்னொரு நிறுவனத்தின் சர்வர் உங்கள் தகவலைக் கேட்கும்போது போதுமான எளிய வழி. கூரியருக்கு ஒரு கீ, கணக்கு மென்பொருளுக்கு ஒரு கீ, ஒவ்வொன்றுக்கும் தனி உரிமை. எல்லோருக்கும் ஒரே கீயைக் கொடுத்தால், ஒருவரிடம் கசிந்த நாளில் எல்லோரையும் துண்டிக்க வேண்டியிருக்கும்.

கீயை யூஆர்எல்லில் வைக்காதீர்கள். சர்வர் லாகுகளில் அப்படியே பதிந்துவிடும். ஹெடரில் கேளுங்கள். டேட்டாபேஸில் ஹாஷாக வையுங்கள். கீ போதிய நீளமும் சீரற்றதுமாக இருந்தால் எஸ்எச்ஏ-256 போதும், கடவுச்சொல்லுக்குப் பயன்படுத்தும் மெதுவான ஹாஷ் இங்கே தேவையில்லை. கீயின் முன்னால் உங்கள் தளத்தின் சுருக்கப் பெயரைச் சேர்ப்பதும் நல்லது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2021-ல் தன் டோக்கன்களுக்கு இப்படி முன்னொட்டு வைத்தது. தவறுதலாக ரெபாசிட்டரியில் (நிரல் சேமிப்பகத்தில்) ஏறிய ரகசியங்களைத் தேடிப் பிடிக்க அது உதவுகிறது.

இந்தக் கீயை ஆப்புக்குள் வைத்து அனுப்புவது பாதுகாப்பாகாது. ஆப்பை நிறுவும் ஏபிகே கோப்பைப் பிரித்துப் பார்க்க யாராலும் முடியும்.

## எச்மேக் கையொப்பம்

ஏபிஐ கீயில் ரகசியமே பயணம் செய்கிறது. கையொப்பத்தில் ரகசியம் இரு பக்கமும் நகராமல் இருக்கும். அனுப்புபவர் தகவலின் உடலையும் ரகசியத்தையும் சேர்த்து எச்மேக் கணக்கிட்டு, விடையை மட்டும் ஹெடரில் அனுப்புவார். நீங்களும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடுவீர்கள். யார் அனுப்பியது, வழியில் மாறியதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே நேரத்தில் பதில் கிடைக்கும். ரேசர்பே, ஸ்ட்ரைப், கிட்ஹப் மூன்றும் தங்கள் வெப்ஹூக்குகளுக்கு (ஏதாவது நடந்ததும் உங்கள் சர்வருக்குத் தானாக அனுப்பும் செய்திகளுக்கு) எச்மேக் எஸ்எச்ஏ-256-ஐத்தான் பயன்படுத்துகின்றன.

பிஎச்பியில் இது உடையும் இடம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: வந்த உடலை அப்படியே எடுக்காமல், ஜேசனைப் பிரித்து மறுபடி ஜேசனாக்கிக் கணக்கிடுவது. பிஎச்பியின் ஜேசன் என்கோடு, சாய்கோட்டுக்கு முன்னால் பின்சாய்கோட்டைச் சேர்க்கும். 10.0 என்பதை 10 ஆக்கும். அடுக்கு வடிவில் பிரித்திருந்தால் காலியான ஆப்ஜெக்ட் காலியான அரே ஆகிவிடும். தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாக யூனிகோட் எண்ணாக மாற்றிவிடும். யூடிஎஃப்-8-ல் 3 பைட் எடுக்கும் 'அ', இப்படி மாறினால் 6 எழுத்தாகிறது. இதனால் ஒரு விசித்திரமான கோளாறு வரும். ஆங்கிலத்தில் பெயர் எழுதிய வாடிக்கையாளரின் வெப்ஹூக் எல்லாம் தேறும், தமிழில் பெயரோ முகவரியோ எழுதியவருடையது மட்டும் கையொப்பம் பொருந்தாமல் விழும். சோதனைத் தகவல் எப்போதும் ஆங்கிலத்தில் இருப்பதால் தளம் நேரலைக்குப் போகும்வரை தெரியாது. பிஎச்பி இன்புட் ஸ்ட்ரீமிலிருந்து மூல உடலை எடுத்து, ஒரு பைட்டும் மாற்றாமல் கணக்கிட்டு, தேறிய பிறகுதான் ஜேசனைப் பிரிக்க வேண்டும். ஃபிரேம்வொர்க் பயன்படுத்தினால், மூல உடலைத் தரும் அதன் வழியைப் பிடியுங்கள்.

ஒப்பிடும்போது இரட்டைச் சமக்குறி வேண்டாம், பிஎச்பியின் ஹாஷ் ஈக்வல்ஸ் செயல்பாடு வேண்டும். சாதாரண ஒப்பீடு முதல் வித்தியாசத்திலேயே நின்றுவிடுவதால், எடுக்கும் நேரத்தை அளந்தே ஊகிக்க வழியிருக்கிறது. இரட்டைச் சமக்குறிக்கு எண்போல் தெரியும் சரங்களை எண்ணாக எடுத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. எதிர்ப்பக்கம் தருவது ஹெக்ஸ் வடிவமா பேஸ்64 வடிவமா என்பதையும் பாருங்கள். இரண்டும் கலந்தால் ஒருநாளும் பொருந்தாது.

சரியான கையொப்பம் உள்ள பழைய கோரிக்கையையே ஒருவர் பிடித்து வைத்துத் திரும்ப அனுப்பினால்? அதற்குத்தான் நேரத்தையும் கையொப்பத்துக்குள் சேர்ப்பது. ஸ்ட்ரைப்பின் லைப்ரரிகள் இயல்பாக 5 நிமிடத்துக்கு மேல் பழையதை ஏற்பதில்லை. தாக்குதல் இல்லாமலும் ஒரே நிகழ்வு இரண்டு முறை வரும், ஏனென்றால் உங்கள் பதில் தாமதமானால் கேட்வே மறுபடி அனுப்பும். நிகழ்வின் அடையாள எண்ணுக்கு யுனிக் இண்டெக்ஸ் (ஒரே எண் இரண்டு முறை ஏறாமல் தடுப்பது) போட்டு வையுங்கள். ஒரு ஆர்டருக்கு இரண்டு பார்சல் போவதை அந்த ஒரு இண்டெக்ஸ் தடுக்கும்.

கையொப்ப முறையின் உண்மையான செலவு எதிர்ப்பக்கத்தாருக்குப் புரியவைப்பதில் இருக்கிறது. எந்த வரிசையில், எந்த வடிவில் என்று எழுதிக் கொடுத்து, மாதிரித் தகவலும் அதற்கான சரியான விடையும் தர வேண்டும். பணமோ சரக்கோ நகரும் இடத்தில் இந்த உழைப்பு தகும். விலைப்பட்டியலைப் படிக்க மட்டும் வரும் சர்வருக்கு ஏபிஐ கீ போதும்.

## ஒரே பார்வையில்

| முறை | பொருந்தும் மறுமுனை | உடனே ரத்து | திருடுபோனால் | அதிகம் உடையும் இடம் |
|---|---|---|---|---|
| செஷன் குக்கி | பிரவுசர் | முடியும் | ஒரு பயனர், அழிக்கும்வரை | ஆயுள், பூட்டு, சேம்சைட் |
| டேட்டாபேஸ் டோக்கன் | சொந்த ஆப் | முடியும் | ஒரு கருவி, அழிக்கும்வரை | ஹெடர் வராமல் போவது |
| ஜேடபிள்யூடி | தனித்தனிச் சர்வர்கள் | தனி ஏற்பாடு வேண்டும் | டோக்கன் போனால் காலாவதிவரை. ரகசியம் போனால் எல்லோரும் | ஹெடர், கடிகாரம், பழைய லைப்ரரி |
| ஏபிஐ கீ | பிறர் சர்வர், படிப்பதற்கு | முடியும் | அந்தக் கீக்கு உள்ள உரிமை முழுவதும் | லாகுகளில் கசிவு |
| எச்மேக் கையொப்பம் | வெப்ஹூக், பணப் பரிமாற்றம் | ரகசியத்தை மாற்றலாம் | ரகசியம் பயணிக்காததால் வழியில் திருடுவது கடினம் | மூல உடல் மாறுவது |

## முறையை மாற்றினாலும் தீராத கோளாறுகள்

மாற்றலாம் என்று முடிவெடுக்கும் முன் இவற்றைச் சோதியுங்கள். இவற்றுக்கும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் முறைக்கும் சம்பந்தமில்லை.

போஸ்ட் அரே காலியாக இருக்கிறதா? உடல் ஜேசனாக வந்தால் பிஎச்பி அதை அந்த அரேயில் நிரப்பாது. ஃபார்ம் வடிவில் வந்தால்தான் நிரப்பும். இன்புட் ஸ்ட்ரீமிலிருந்து நீங்களே எடுத்துப் பிரிக்க வேண்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வரவில்லை என்று லாகினைச் சந்தேகிப்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

போஸ்ட்மேனில் ஓடி பிரவுசரில் ஓடவில்லையா? அது கார்ஸ். அந்தக் கட்டுப்பாட்டை விதிப்பது பிரவுசர். போஸ்ட்மேனுக்கு அது கிடையாது. குக்கியோடு கோரிக்கை போக வேண்டுமானால் அனுமதிக்கும் ஆரிஜின் என்ற இடத்தில் நட்சத்திரக் குறி செல்லாது, முன்பக்கத்தின் முழு முகவரியே வேண்டும். கிரெடென்ஷியல்ஸ் அனுமதியை சர்வரும் தர வேண்டும், ஃபெட்ச் அழைப்பிலும் கேட்க வேண்டும். பிரவுசர் முன்கூட்டி அனுப்பும் ஆப்ஷன்ஸ் கோரிக்கையில் குக்கியோ டோக்கனோ இருக்காது. உங்கள் லாகின் சோதனை அதற்கும் 401 கொடுத்தால் உண்மையான கோரிக்கை புறப்படவே புறப்படாது. வந்த ஆரிஜினை அப்படியே திருப்பி எழுதிவிட்டால் எர்ரர் போய்விடும் என்று சொல்வார்கள். போகும்தான், ஆனால் எந்தத் தளமும் உங்கள் பயனர் பெயரில் தகவலை எடுக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டதாகும். அனுமதிக்கும் முகவரிகளைப் பட்டியலாக வைத்து ஒப்பிடுங்கள்.

ஏபிஐ 200 (எல்லாம் சரி) என்று பதில் கொடுத்து வெறுமையாக நிற்கிறதா? ஜேசன் என்கோடு தோற்றிருக்கலாம். தமிழ்ப் பெயரை, பைட் கணக்கில் வெட்டும் சப்ஸ்டர் கொண்டு 20 பைட்டில் வெட்டினால் எழுத்து நடுவில் உடையும், உடைந்த யூடிஎஃப்-8-ஐ ஜேசன் ஏற்காது, விடை ஃபால்ஸ் (பொய்) என்று வரும், பக்கம் வெறுமையாகும். எழுத்துக் கணக்கில் வெட்டும் எம்பி சப்ஸ்டர் பயன்படுத்துங்கள். 'கி' வெட்டுப்பட்டு 'க' ஆகக்கூடாது என்றால் இன்ட்ல் (intl) எக்ஸ்டென்ஷனின் கிராஃபீம் செயல்பாடு இருக்கிறது. பிஎச்பி 7.3-ல் வந்த, தோற்றால் எக்ஸெப்ஷன் வீசும் அமைப்பை எப்போதும் இயக்கி வைத்தால் இப்படி மௌனமாகத் தோற்பது நிற்கும்.

பாதுகாப்புப் பக்கத்தில், எந்த முறையாலும் காக்க முடியாத ஓட்டை ஒன்று உண்டு. யூஆர்எல்லில் ஆர்டர் எண்ணை மாற்றினால் இன்னொருவரின் ஆர்டர் தெரிகிறதா என்று இப்போதே பாருங்கள். லாகின் ஆனவர் யார் என்று டோக்கன் சொல்லும். இந்த ஆர்டர் அவருடையதா என்பதை உங்கள் எஸ்க்யூஎல் வரிதான் கேட்க வேண்டும்.

## மாறுவதாக இருந்தால்

அந்த இணையக் கடைக்கு என் தேர்வு இது: பிரவுசருக்குச் செஷன், ஆப்புக்கு டேட்டாபேஸ் டோக்கன், கூரியர் விவரம் படிக்க ஏபிஐ கீ, அதே கூரியர் டெலிவரி நிலையை மாற்ற வந்தால் கையொப்பம், கேட்வேக்கு அதன் கையொப்ப முறை. சாவிகளை ஈஎன்வி என்ற தனி அமைப்புக் கோப்பில் வைத்து, அந்தக் கோப்பு வெப் ரூட்டுக்கு வெளியே இருப்பதையும் கிட்டில் (நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கருவியில்) ஏறாததையும் உறுதி செய்ய வேண்டும்.

ஏற்கெனவே ஜேடபிள்யூடியில் இருப்பவர்கள் ஒரே இரவில் மாற்ற வேண்டாம். சில வாரங்களுக்கு இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய டோக்கனோடு வருபவருக்கு, கையொப்பம் தேறினால், பதிலோடு புது டோக்கன் ஒன்றைக் கொடுங்கள். ஆப்பின் புதிய பதிப்பு அதை எடுத்துச் சேமிக்கட்டும். பழைய டோக்கனின் அதிகபட்ச ஆயுள் முடிந்து, லாகில் அவை வருவது நின்ற பிறகு பழைய சரிபார்ப்பை நீக்கலாம். ரகசியம் கசிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் இந்தப் பொறுமை கூடாது: அன்றே சாவியை மாற்றி, எல்லோரையும் மறுபடி லாகின் செய்யச் சொல்லுங்கள், ஏன் என்பதையும் அவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள்.